கரிசலில் வீடு கட்டும் சித்தப்பாவுக்கு எந்த அஸ்திவாரம்?

சித்தப்பாவின் பழைய வீட்டில், படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையைப் பார்த்துச் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். சித்திரையில் அதற்குள் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம். கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்துவிட்டால் விரிசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு கோடையில் வெள்ளையடிக்க வந்தவர் பட்டி வைத்து அதை அடைத்தார். அந்த வருட மழையில் பட்டி முழுவதும் பிதுங்கி உதிர்ந்தது. அதற்கப்புறம் சித்தி அந்த இடத்தில் காலண்டரை மாட்டிவிட்டார்.

ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விளைகிற கரிசல் பூமி. சித்தப்பா அதே ஊரில் ஐந்து சென்ட் மனை வாங்கி, 900 சதுர அடியில் வீடு கட்டக் கிளம்பினார். பிற்பாடு மகனுக்கு மாடி எடுக்க வேண்டும். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஏய்யா, செலவப் பத்தி யோசிக்காத. கம்பிய ரெண்டு மடங்கு போட்டாலும் சரி. அஸ்திவாரம் ஸ்ட்ராங்கா இருக்கணும்.”

கட்டட வேலையில் இருக்கும் எனக்கு அந்த ‘ஸ்ட்ராங்’தான் இடித்தது. பழைய வீட்டு அஸ்திவாரம் ஸ்ட்ராங்காக இல்லாமல் போகவில்லை. கருங்கல் கட்டு, ஒரு கல்கூட நொறுங்கவில்லை. அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று யாரும் கேட்காமலே கட்டியதுதான் கோளாறு.

மண் மேலே தள்ளுகிறது

அஸ்திவாரம் என்றாலே வீடு கீழே இறங்காமல் தாங்குவது என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. கரிசலில் கதை வேறு. அந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய இருக்கிறது. அப்பளக் கட்டு மாதிரி மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். தகடுகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு. தண்ணீர் அந்த இடுக்கில் புகுந்து தகடுகளை விலக்கும், மண் வீங்கும். கோடையில் நீர் போனதும் சுருங்கும், தரை பாளம் பாளமாக வெடிக்கும்.

எவ்வளவு வீங்கும் என்று பார்க்க ஐஎஸ் 2720 என்ற இந்தியத் தரநிலையின் 40ஆம் பகுதியில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடி அளவு ஜாடிகளில் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு ஒரு நாள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் இந்த மண் வீங்காது. தண்ணீரில் வீங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. சித்தப்பாவின் மனை மண் மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டர் கோட்டிலேயே நின்றது. தண்ணீரில் 17க்கு ஏறியிருந்தது. அதாவது 70 சதவீதம். ஜாடியைப் பார்த்த சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அதற்குமுன் நான் அரை மணி நேரம் விளக்கியும் ஏறாத விஷயம் அது.

இன்னொரு கணக்கையும் சொன்னேன். ஒரு தள வீட்டின் சுவர், அகலமான அஸ்திவாரத்தின் மேல் சதுர மீட்டருக்கு 5 டன் அளவில்தான் அழுத்தும். நன்றாக வீங்கும் கரிசல் 10 டன், 20 டன் என்று மேலே தள்ளக்கூடும். வீடு தோற்கிற சண்டை இது. கரிசல் ஊர்களில் காம்பவுண்டு சுவர், வாசற்படி, ஒரு தள வீடு என்று எடை குறைந்தவை முதலில் வெடிப்பதும், கனத்த கட்டடங்கள் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாமல் நிற்பதும் இதனால்தான்.

வீடு மொத்தமாக மேலே போய் மொத்தமாக இறங்கினால்கூடப் பரவாயில்லை. வீட்டின் நடுவில் இருக்கும் மண்ணுக்கு வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. அதன் ஈரம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஓரத்து மண்தான் காய்கிறது, நனைகிறது. ஆகவே ஓரம் ஆடும், நடு ஆடாது. சுவர் மூலையில் கிழியும்.

எனவே கேள்வியை மாற்றி எழுதினேன்: ஏறி இறங்கும் மேல்மண்ணிலிருந்து வீட்டை எப்படிப் பிரிப்பது? பிரிக்க முடியாவிட்டால், வீடு உடையாமல் அதோடு எப்படி ஆடுவது?

கொத்தனார் சொன்ன வழி

எங்கள் கொத்தனார் அண்ணாச்சிக்கு முப்பது வருட அனுபவம். நாலடி ஆழம் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, அடியில் ஒன்றரை அடி ஆற்று மணல் பரப்பி, மேலே கருங்கல் கட்டி, அதன்மேல் பெல்ட் (சுவரோடு ஓடும் கான்கிரீட் பட்டை) போட்டுவிடலாம் என்றார். மணல் வீங்காது, மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். சுற்று வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

மணல் வீங்காது என்பது உண்மை. ஆனால் கரிசலுக்குள் வெட்டிய வானம் ஒரு தொட்டி. பக்கமும் அடியும் களிமண், தண்ணீர் வெளியேற வழி கிடையாது. மழை நீரும் குளியலறைக் கசிவும் மணலுக்குள் வந்து தங்கும், அடியிலுள்ள கரிசலுக்கு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஊட்டும். மெத்தை போட்டதாக நினைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருப்போம்.

“எங்க தாத்தா வீடு அப்படியே நிக்கே தம்பி?” என்று கேட்டார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. தாத்தா வீடு மண்சுவர், நாட்டு ஓடு. மண்சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெடித்தாலும் பொங்கலுக்கு முன் செம்மண் குழைத்துப் பூசினால் முடிந்தது. வருடா வருடம் பூசுவதையும் சேர்த்துத்தான் அந்த வீட்டின் வடிவமைப்பு. நாம் சுவரைச் சிமென்டுக்கு மாற்றிவிட்டு அஸ்திவாரத்தை மட்டும் தாத்தா காலத்தில் விட்டுவிட்டோம். சிமென்டுக்கு வளையத் தெரியாது. இந்த வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

காலம் பாக்ஸ்: குழி சொல்லட்டும்

அடுத்தது, கரிசலைத் தாண்டிக் கீழே சுக்கானோ (சுண்ணாம்பு கலந்த கெட்டித் தரை) சரளையோ வரும்வரை தோண்டி, அதன்மேல் காலம் பாக்ஸ், அதாவது தூணுக்கு அடியில் அகலமான கான்கிரீட் பாதம், வைத்துத் தூண்களை எழுப்புவது. வீட்டின் எடை நேராக ஆடாத தரைக்குப் போய்விடும். ஐந்தாறு அடியில் சுக்கான் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பேன். எல்லாக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை. பாக்ஸ் போடும் தரையைக் கண்ணால் பார்க்கலாம், கடப்பாரையால் குத்திப் பார்க்கலாம்.

எனவே எஸ்டிமேட் போடும் முன் குழி போட்டோம். பங்குனிக் கடைசி. ஜேசிபி ஒன்றரை மணி நேரம், மனையின் இரண்டு எதிர் மூலைகளில். யாரும் உள்ளே இறங்கவில்லை. வெடித்த கரிசலில் குழிச்சுவர் பலகை பலகையாகச் சரியும், ஆளை மூடிவிடும். பக்கெட் அள்ளிப்போட்ட மண்ணைத்தான் பார்த்தோம். முதல் ஐந்தடி வரை கட்டிகள் கல் மாதிரி, வெடிப்புகளுக்குள் நூல் நூலாக வேர். அதற்குக் கீழே வந்த கட்டி கையில் குளிர்ந்தது, நகம் இறங்கியது. ஈரம் ஏறி இறங்கும் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்தக் குளிர்ச்சியே ஓரளவு காட்டிவிடும். ஆனால் மழை வருடமும் வறட்சி வருடமும் ஒன்றில்லை என்பதால் இன்னும் சில அடி தள்ளித்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தென்மேற்கு மூலையில் எட்டடியில் சுக்கான் தட்டியது. வடகிழக்கில் பதினோரு அடிக்கு மேல் போயும் கருப்புதான், நடுநடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள்.

இதோடு காலம் பாக்ஸ் என் பட்டியலிலிருந்து இறங்கியது. பாதித் தூண்கள் சுக்கானில், மீதி களிமண்ணில் என்றால், ஒரு பக்கம் அசையாமல் இருக்க மறுபக்கம் இறங்கும். எல்லாமே ஒரே மாதிரி சுமாராக இருப்பதைவிட, ஒன்று நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பதுதான் வீட்டுக்கு ஆகாது. தவிர, பதினோரு அடியில் பன்னிரண்டு, பதினைந்து குழிகள் தோண்டுவதும், சரியாமல் தடுப்பதும், திரும்ப நிரப்புவதும் சேர்ந்தால் தோண்டுகிற செலவே பாக்ஸ் செலவை விழுங்கிவிடும். இரண்டு குழிகளில் ஒன்றை மட்டும், அதுவும் தென்மேற்கில் மட்டும் போட்டிருந்தால் சந்தோஷமாகத் தப்பான முடிவுக்கு வந்திருப்போம்.

குமிழ் விட்ட பைல்

இந்த மண்ணுக்கென்றே நம் நாட்டில் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு: அண்டர்ரீம்டு பைல். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலிருந்து இதில் வேலை செய்தது. தினேஷ் மோகன் அதில் முன்னின்றவர். பிறகு ஐஎஸ் 2911 தரநிலையின் மூன்றாம் பகுதியாக அது வந்தது. யோசனை இதுதான்: ஒரு அடி விட்டத்தில் ஆகர் என்ற துளைக் கருவி கொண்டு துளை போட்டு, அடியில் மடக்குக் கத்தி உள்ள கருவியை இறக்கிச் சுழற்றி, துளையின் அடிப்பகுதியை மட்டும் இரண்டரை மடங்கு அகலமாக்குவது. கான்கிரீட் நிரப்பினால் மண்ணில் நட்ட வெங்காயத் தாள் மாதிரி அடியில் குமிழ் விட்ட தூண் கிடைக்கும்.

குமிழ் எதற்கு? எடையைத் தாங்கவும்தான். ஆனால் கரிசலில் அதன் முக்கிய வேலை நங்கூரம். மேல்மண் வீங்கும்போது பைலின் உடம்பைக் கவ்விக்கொண்டு மேலே இழுக்கும். ஈரம் மாறாத ஆழத்தில் இருக்கும் குமிழ் அதைக் கீழே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆழமான கரிசலில், வேறு கணக்கு என்ன சொன்னாலும், பைல் குறைந்தது 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி போக வேண்டும் என்கிறது தரநிலை. ஓரடி விட்டமும் ஒரு குமிழும் உள்ள அத்தகைய பைலுக்குத் தரநிலை அட்டவணை ஏறக்குறைய 16 டன் அனுமதிக்கிறது, மேல்நோக்கிய இழுப்புக்கு அதில் பாதி. சித்தப்பா வீட்டுக்குச் சுவர்கள் கூடும் இடங்களையும் மூலைகளையும் பார்த்து 18 பைல் வந்தது. மாடி எடுத்தாலும் போதும்.

இழுப்பு என்பதால் கம்பி அடிவரை போயாக வேண்டும். வழக்கமான தூணில் எடை அழுத்துகிறது, கான்கிரீட்டுக்கு அழுத்தம் பழக்கம். இங்கே பைல் இழுபடுகிறது. பாதியில் கம்பியை நிறுத்தினால் கம்பி முடிகிற இடத்தில் பைல் அறுந்து, மேல்பாதி வீட்டோடு எழும்பும், குமிழ் அடியில் தனியாகக் கிடக்கும். சித்தப்பாவின் ‘ரெண்டு மடங்கு கம்பி’யை அந்த இடத்தில் செலவு பண்ணச் சொன்னேன்.

அப்புறம், பைல் தலைகளை இணைக்கும் பீம் மண்ணைத் தொடக்கூடாது. குறைந்தது 80 மில்லிமீட்டர், மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல், இடைவெளி வேண்டும். பைலில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு பீமை மண்மேலேயே வார்த்தால், மண் பீமைத் தள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். அடியில் மணல் பரப்பி, வார்த்து இறுகியபின் மணலைச் சுரண்டி எடுத்துவிடலாம். அந்த இடைவெளிக்குள் பிறகு யாரும் மண்ணைத் தள்ளி அடைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்று அடைத்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ராஃப்ட்: கப்பல் மாதிரி

மேல்மண்ணிலிருந்து தப்பிக்காமல் அதன் மேலேயே மிதப்பது மற்றொரு வழி. வீடு முழுக்க ஒரே கான்கிரீட் தளம். அடியில் சுவர்க் கோடுகளில் ஆழமான பீம்கள். மண் ஓரத்தில் எழும்பினாலும் இறங்கினாலும் தளம் வளையாது. வீடு ஒரு பக்கம் நூலிழை சாயலாம், சுவர் கிழியாது.

ஆஸ்திரேலியாவில் வீட்டு அஸ்திவாரத்துக்கு இதுதான் ராஜபாட்டை. அவர்களுடைய ஏஎஸ் 2870 தரநிலை, மனை மண் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று கணக்கிட்டு மனைக்கே ஒரு வகுப்பு கொடுக்கிறது. 20 மில்லிமீட்டர் வரை எஸ், 40 வரை எம், 60 வரை எச்1, 75 வரை எச்2, அதைத் தாண்டினால் இ. வகுப்புக்கு ஏற்ப பீம் ஆழம் கூடும், செங்கல் சுவரில் இணைப்பு இடைவெளிகள் கூடும். மண் ஆடத்தான் செய்யும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு எழுதிய தரநிலை அது. எனக்குப் பிடித்த குணம்.

நம் ஊரில் ராஃப்ட் என்ற பேரில் நடப்பது வேறு. ஆறு அங்குலத் தட்டைச் சிலாப்பில் இரண்டு வலை கம்பி போட்டு ராஃப்ட் என்று பில் போடுகிறார்கள். தட்டைச் சிலாப் மண்ணோடு சேர்ந்து வளையும். வளையாமல் இருப்பதற்கு ஆழம்தான் முக்கியம். பீமின் ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். கம்பியை இரண்டு மடங்காக்கினால் அதில் ஒரு மூலைகூட வராது. மறுபடியும் சித்தப்பாவின் கம்பிதான்.

பைலோடு ஒப்பிட்டால் ராஃப்டுக்குக் கான்கிரீட்டும் கம்பியும் கூட. தண்ணீர்க் குழாய், கழிவு நீர்க் குழாய் எல்லாம் தளத்தைத் தாண்டும் இடத்தில் ஆட்டத்துக்கு இடம் கொடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் உடையும், உடைந்த குழாய் மண்ணுக்குத் தண்ணீர் ஊட்டும், மண் இன்னும் வீங்கும். ஆனால் ஒரு பெரிய சௌகரியம்: கான்கிரீட் ஊற்றும் நிமிடம் வரை எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. பீம் ஆழத்தை டேப் வைத்து அளக்கலாம், கம்பியை எண்ணலாம்.

எதைத் தேர்ந்தோம்

காகிதத்தில் பைல் ஜெயிக்கிறது. செலவு குறைவு, பிரச்சினையின் வேரையே தொடுகிறது. ஆனால் அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்வி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை: “பூமிக்குள்ள பதினோரு அடியில குமிழ் போட்டானா இல்லையான்னு யாரு பாத்தா?”

அதுதான் உண்மையான ஒப்பீடு. நன்றாகச் செய்த பைல், நன்றாகச் செய்த ராஃப்டைவிட இந்த மனைக்கு நல்லது. குமிழ் இல்லாத பைலோ எதற்கும் ஆகாது. ஒன்று நல்லது, ஆனால் தப்பு நடந்தால் தெரியாது. மற்றது கொஞ்சம் அதிகச் செலவு, ஆனால் தப்பு கண்ணில் படும். நம்ப முடியாத ஆட்கள் என்றால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஆகவே பைலையே எடுத்தோம், ஆனால் சரிபார்த்துக்கொண்டே. மதுரைப் பக்கமிருந்து வந்த பைல் ஆட்களிடம் முதலில் கருவியைத் தரையில் வைத்து விரித்துக் காட்டச் சொன்னேன். டேப் வைத்து அளந்தேன், இரண்டரை அடி. அப்புறம் கணக்கு. ஓரடி விட்டத்தில் பதினொன்றரை அடி துளைக்கு 9 கன அடி கான்கிரீட். குமிழுக்குக் கூடுதலாக இரண்டரை கன அடிக்குச் சற்று மேல். எங்கள் சட்டியில் நாலு சட்டி ஒரு கன அடி என்று பெட்டி வைத்து அளந்து பார்த்துக்கொண்டோம். அப்படியானால் குமிழ் இருந்தால் 46, 47 சட்டி, இல்லாவிட்டால் 36. எந்தக் கருவியும் வேண்டாம். ஒருவர் எண்ண வேண்டும், அவ்வளவுதான். அண்ணாச்சி செங்கல்மேல் கரித்துண்டால் ஐந்தைந்தாகக் கோடு போட்டார்.

முதல் பைல் 48 சட்டி வாங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. ஆறாவது பைல் 38ல் நிறைந்துவிட்டது. பைல் ஆட்கள் சமாளிக்கப் பார்த்தார்கள். குமிழ் வெட்டிய பின் பக்கத்து மண் சரிந்து அடைத்திருக்கலாம், அல்லது மதியச் சாப்பாட்டு அவசரத்தில் கருவியை முழுசாகச் சுற்றாமல் எடுத்திருக்கலாம். எதுவானாலும் ஊற்றிய கான்கிரீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பீம் கோட்டிலேயே நாலடி தள்ளி இன்னொரு பைல் அவர்கள் செலவில் போட்டோம். அதற்கப்புறம் ஒவ்வொரு துளையிலும் கான்கிரீட்டுக்கு முன்னால் கருவியை மறுபடி இறக்கி விரித்துப் பார்த்தார்கள். 18 பைல் 19 ஆயிற்று. எண்ணாமல் விட்டிருந்தால் அது எந்தக் கார்த்திகையில் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கரிசலில் கட்டப்போகிறவர் என்னிடம் கேட்டால்: குழியில் எல்லா மூலையிலும் ஆறு, ஏழு அடிக்குள் சுக்கான் வந்தால் காலம் பாக்ஸ். வராவிட்டால் பைல், சட்டி எண்ண ஒரு ஆள் உங்களிடம் இருந்தால். இல்லாவிட்டால் ஆழமான பீம் வைத்த ராஃப்ட், செலவைப் பார்க்காமல்.

வீடு நிற்கும், தரை எழும்பும்

பைல் போட்ட பலர் மறப்பது தரையை. சுவர்கள் பைலில் நிற்கின்றன, ஆனால் அறைக்குள் டைல்ஸ் போட்ட தரை கரிசல் மேலேயே இருக்கிறது. அது பாட்டுக்கு எழும்பும், டைல்ஸ் கூடாரம் போடும், கதவு உரசும். தரையையும் பீம்கள் மேல் தொங்கும் சிலாப்பாகப் போட்டால் பிரச்சினை தீரும். சித்தப்பாவின் கை அங்கேதான் நின்றது.

சரி, மண்ணை மாற்றினோம். இந்திய தொழில்நுட்பக் கழகம் பம்பாயில் ஆர்.கே. கட்டி 1970களில் காட்டிய வழி இது. வீங்காத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு மீட்டர் அளவுக்கு இறுக்கிப் பரப்பினால் அடியிலுள்ள கரிசலின் வீக்கம் பெருமளவு அடங்கும். கர்நாடகத்தில் மலபிரபா கால்வாய் வேலையில் அதைப் பயன்படுத்தினார்கள். மணலுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த ஒட்டும் தன்மைதான். அது தண்ணீரைத் தேக்கி வைக்காது, கரிசலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்குச் சிவப்புச் சரளை மண் கிடைத்தது. மூன்றடிக் கரிசலை எடுத்துவிட்டு, அரையடி அரையடியாகத் தண்ணீர் தெளித்து உருட்டினோம்.

வாசற்படியையும் போர்ட்டிகோவையும் வீட்டோடு கட்டவில்லை. நடுவே அரை அங்குல இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்தினோம். அவை ஆடட்டும். காம்பவுண்டு சுவருக்குப் பைல் போடுவது முட்டாள்தனம். பதினைந்து அடிக்கு ஒரு இடத்தில் இணைப்பு விட்டால், எங்கே பிளக்க வேண்டும் என்பதை மண் முடிவு செய்யாமல் நாம் முடிவு செய்ததாகும். செப்டிக் டேங்கை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினோம். வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சரிவான தளம், கூரை நீர் குழாய் வழியாக மனையின் கடைசி வரை.

கடைசியாக வேப்ப மரம். முதல் பிளானில் வடகிழக்கு மூலையிலிருந்து பன்னிரண்டு அடியில் இருந்தது. முப்பது அடி உயரம். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு அதன் வேர் மண்ணைக் காயவைக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் வெட்டிவிடலாமே என்றார் சித்தப்பா. அது இன்னும் மோசம். இத்தனை வருடமாக மரம் உறிஞ்சிய ஈரம் மெல்ல மெல்ல மண்ணுக்குத் திரும்பும், வருடக்கணக்கில் அந்த மூலை மட்டும் எழும்பிக்கொண்டே இருக்கும். வெட்டுவதென்றால் சில வருடம் முன்னாலேயே வெட்டியிருக்க வேண்டும்.

“மரத்தப் பத்தி எதுக்குப் பேசுதிய, வீட்டத் தள்ளிக் கட்டுங்க” என்றார் சித்தி, தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டே. அதுவும் ஒரு வழிதான், நான்தான் அதை எழுதிவைக்கவில்லை. வீட்டைப் பத்தடி பின்னால் தள்ளினோம். மரத்துக்கும் மூலைக்கும் இருபத்திரண்டு அடி வந்தது. முப்பதுக்கு எட்டடி குறைவு என்பதால் அந்த மூலையில் இரண்டு பைல்களை மட்டும் பதின்மூன்றரை அடிக்கு இறக்கினோம். பின்பக்கம் போட நினைத்திருந்த வண்டி ஷெட் பிளானிலிருந்து போய்விட்டது. சித்தப்பாவின் ஸ்கூட்டர் இப்போது வேப்ப மரத்தடியில் நிற்கிறது, சீட்டெல்லாம் வேப்பம்பூ.